தடைக்காலத்தில் நாயை எங்கே விடுவது? கடற்கரை, காப்பகம், ஃபாஸ்டர் வீடு: ஓர் ஒப்பீடு

ஏப்ரல் 15 வந்துவிட்டால் ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் விசைப்படகுகள் எல்லாம் கரையில் நின்றுவிடும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு வைத்திருப்பவருக்கு அது மராமத்துக்குக் கடன் வாங்குகிற காலம். படகில் கூலிக்குப் போகிறவருக்குக் கையில் காசே இல்லாத காலம். ஐஸ் கம்பெனி, மீன் ஏற்றும் வேன் என்று படகை நம்பிய வேலைகளும் சேர்ந்து படுத்துவிடும். அரசு தரும் நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். இரண்டு மாதத்துக்கு அது எந்த மூலைக்கு? அந்த ஜூனிலேயே பள்ளிக்கூடமும் திறந்துவிடும்.

இந்த மாதங்களில்தான் மீன் இறங்குதளங்களிலும் தோப்பு ஓரங்களிலும் கழுத்தில் பட்டைத் தடத்தோடு நாய்கள் தென்படுகின்றன. லாப்ரடார், பொமரேனியன், பக். நல்ல பாடு, அதாவது மீன் வரத்து, கிடைத்த வருஷத்தில் பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று வாங்கியவை. விட்டுப்போனவர்கள் எல்லாரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. பணமுடை வந்தால் எந்த ஊரிலும் இது நடக்கிறது. 2008-இல் அமெரிக்காவில் வீட்டுக்கடன் கட்ட முடியாமல் வங்கியிடம் வீட்டை இழந்தவர்களில் சிலர் நாயைக் காலி வீட்டிலேயே விட்டுப்போனார்கள். 2020 ஊரடங்கில் நம் ஊரிலும் பார்த்தோம்.

ஆனால் நம் கடற்கரைக் கஷ்டத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அதில் பாதிக்கு முடிவுத் தேதி இருக்கிறது. ஜூன் 14 நள்ளிரவு தாண்டினால் படகு இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றும் மழையும் கடலுக்குப் போகவிடாமல் தடுத்தாலும் தை பிறந்தால் தெளிந்துவிடும். தேதி இல்லாத கஷ்டமும் உண்டு: இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துப்போனால் அது திரும்பி வருமா என்றே தெரியாது. ஆக, நாயை என்ன செய்வது என்று யோசிக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்தக் கஷ்டத்துக்குத் தேதி இருக்கிறதா இல்லையா என்பதுதான். விடை அதைப் பொறுத்தே மாறுகிறது.

அவிழ்த்துவிடுவது

“எங்கேயாவது பிழைத்துக்கொள்ளும்” என்பதுதான் அவிழ்த்துவிடுகிறவர்கள் சொல்லும் சமாதானம். எங்கே விடுகிறார்கள் என்று பாருங்கள். ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தம் பக்கம், யாத்ரீகர்கள் சோறு போடுவார்கள் என்று. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்குச் சோறு குவியும், உண்மைதான். மறுநாள் அந்தச் சோற்றுக்கு ஏற்கெனவே அங்கே இருக்கும் நாய்கள் பங்கு கேட்கும். வீட்டில் தட்டில் தின்று வளர்ந்தது அந்தச் சண்டையில் நிற்காது.

தனுஷ்கோடி, அரிச்சல்முனை வழியில் விடுவது இன்னும் மோசம். அங்கே குடியிருப்பு மிகக் குறைவு, நிழல் கிடையாது. சுற்றுலா வண்டிகள் போன பிறகு மணலும் உப்புக்காற்றும்தான். பசித்த நாய் கரையைத் தோண்டும். தை, மாசி, பங்குனி என்றால் அது தோண்டுவது பங்குனி ஆமையின் முட்டையாகவும் இருக்கலாம்.

இறங்குதளத்தில் விட்டால் மீனாவது கிடைக்குமே என்பார்கள். பாம்பன் பக்கம் குந்துகால் இறங்குதளத்தில் ஒரு லாப்ரடாரைப் பார்த்தேன். மீன் பெட்டிகளின் ஐஸ் உருகி ஓடையாக வழிந்து வரும் தண்ணீரை நக்கிக்கொண்டிருந்தது. மீன் ரத்தமும் உப்பும் கலந்த தண்ணீர். கொஞ்ச நேரத்தில் அத்தனையையும் கக்கிவிட்டு, மறுபடி அதையே நக்கப் போனது. பக்கத்தில் நல்ல தண்ணீர் இல்லை. இன்னொரு ஆபத்து, வலையிலிருந்து உதறிப்போடும் பேத்தை மீன். அதன் ஈரலிலும் சினையிலும் இருக்கும் நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. அங்கேயே பிறந்து வளர்ந்த நாய்கள் பெரும்பாலும் அதை முகர்ந்துவிட்டு விலகுவதைப் பார்த்திருக்கிறேன். வீட்டு நாய் அப்படி விலகும் என்று நம்ப முடியாது. தூண்டில் முள்ளோடு கிடக்கும் இரையும் அப்படித்தான். வாயிலிருந்து தூண்டில் நரம்பு தொங்குகிறதே என்று யாரும் இழுத்துவிடக் கூடாது, உள்ளே கிழித்துவிடும். மருத்துவரிடம்தான் கொண்டுபோக வேண்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். வளர்த்த பிராணியை நியாயமான காரணமின்றிப் பட்டினிக்கு விட்டுப்போவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். அறுபது வருஷத்துக்கு முந்தைய தொகை இன்னும் அப்படியே இருப்பதால் யாரும் பயப்படுவதில்லை. பேருந்து நிலையத்திலோ ரயில் நிலையத்திலோ விட்டால் ஜனங்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பதும் இனிச் செல்லாது. அந்த இடங்களில் திரியும் நாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க வேண்டும், திரும்ப அங்கேயே விடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7-இல் உத்தரவிட்டிருக்கிறது.

காப்பகம்

அடிபட்ட நாய், கடிக்கிற நாய், யாரும் தொட முடியாத நாய் என்றால் காப்பகம்தான் சரி. கூண்டும், பயிற்சி பெற்ற ஆளும் அங்கேதான் இருக்கும். ஆரோக்கியமான வீட்டு நாய்க்கு அது கடைசி இடமாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

முக்கியக் காரணம் நோய். பார்வோ என்ற கிருமி மண்ணிலும் சிமெண்ட் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தடுப்பூசி போடாத குட்டியைப் பத்து நாய் வந்துபோன கூண்டில் விட்டால், சில நாளில் வாந்தியும் ரத்தப்பேதியும் கண்டு சுருண்டுவிடும். இரண்டாவது, மனசு. வீட்டுக் கட்டிலடியில் படுத்துப் பழகியது, இருபது நாய் குரைக்கும் இடத்தில் இரவெல்லாம் தூங்காது. கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும். இதற்காகக் காப்பகம் நடத்துகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சோறும் மருந்தும் நன்கொடையில்தான் ஓட வேண்டும். ஊருக்கே பணமுடை வரும்போது நன்கொடையும் சுருங்கும், வாசலில் கட்டிவிட்டுப் போகும் நாயும் கூடும்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. தீவிலிருந்து நாயை வண்டி பிடித்து ராமநாதபுரமோ மதுரையோ கொண்டுபோகும் செலவு, அந்த நாய்க்கு ஒரு மாதம் போடும் சோற்றுச் செலவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும்.

ஒரேயடியாகக் கொடுத்துவிடுவது

தேதி இல்லாத கஷ்டத்துக்கு இதுதான் விடை. படகு போய்விட்டது, கடன் ஏறிவிட்டது, குடும்பமே கேரளாவுக்கு வேலைக்குப் போகிறது என்றால், நாயை நல்ல வீடாகப் பார்த்துக் கொடுத்துவிடுவதே நேர்மை. ஆனால் வாட்ஸ்அப்பில் படம் போட்டு முதலில் கேட்டவரிடம் கொடுக்காதீர்கள். பெட்டை நாய் என்றால் குட்டி போடவைத்து விற்பதற்கென்றே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். முதலில் கருத்தடை, அப்புறம்தான் ஆள் தேடுவது. பக் மாதிரி மூக்கு சப்பையான நாயைத் தகரக் கொட்டகை வீட்டுக்கு அனுப்பினால் சித்திரை வெயிலில் மூச்சு வாங்கியே போய்ச் சேர்ந்துவிடும். வீட்டைப் பார்க்காமல் கொடுக்கக் கூடாது.

ஃபாஸ்டர் வீடு

தடைக்காலத்தில் வீட்டு நகையை அடகு வைக்கிறோம். ஜூலையில் மீட்டுவிடலாம் என்ற நம்பிக்கையில்தான் வைக்கிறோம். கஷ்டம் என்று யாரும் நகையைக் கடலில் வீசுவதில்லை. நாய்க்கும் அப்படி ஒரு வழி வேண்டும். ஃபாஸ்டர் என்றாலே மீட்ட நாயைத் தத்து போகும்வரை வைத்திருப்பது என்றுதான் நகரத்தில் பழக்கம். நம் கரைக்கு அதைவிடப் பொருத்தமானது, சொந்த வீட்டுக்கே திரும்பிப் போவதற்காக இரண்டு மாதம் வைத்திருப்பது.

உச்சிப்புளிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் வீடு உள்ள ஓர் அக்கா இப்படி வைத்திருக்கிறார். பாம்பனிலிருந்து ஒரு தம்பி நாட்டு நாய் ஒன்றைக் கொண்டுவந்தபோது நானும் இருந்தேன். “தடை முடிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போயிடுறேன்க்கா” என்றார் அவர். “சரி தம்பி, எந்தத் தேதின்னு சொல்லிட்டுப் போ” என்றார் அக்கா. தேதியை நாட்காட்டியில் எழுதி, அவரையே கையெழுத்தும் போடச் சொன்னார். அப்புறம் அவர் தோளில் கிடந்த பழைய கைலியைக் கேட்டு வாங்கி, நாய் படுக்கும் மூலையில் விரித்தார்.

அன்றைக்கு நாய் எதையும் தொடவில்லை. அக்கா கெஞ்சவும் இல்லை, தடவிக்கொடுக்கவும் இல்லை. சோற்றுத் தட்டை வைத்துவிட்டு, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். பொழுது சாயும் நேரத்தில் தட்டு நகரும் சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. பயந்த நாய்க்கு முகத்தை நேருக்கு நேர் பார்ப்பதே மிரட்டல் மாதிரி என்பது அவருக்கு யாரும் சொல்லித்தராமலே தெரிந்திருக்கிறது.

ஃபாஸ்டர் வீட்டிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் புதிதாக வருவதை இரண்டு வாரமாவது தனியே வைக்க வேண்டும், தட்டும் தனி. உண்ணி இருந்தால் முதல் நாளே மருந்து. உண்ணிக் காய்ச்சல் வந்த நாய்க்கு ஈறு வெளுக்கும், சில சமயம் மூக்கில் ரத்தம் வரும். அதைப் பார்த்தால் தாமதிக்கக் கூடாது. பார்வோ வந்துபோன வீட்டில் ஒரு வருஷத்துக்காவது ஊசி போடாத குட்டியை ஏற்றக் கூடாது. தரையை பிளீச்சிங் கரைசலால் கழுவ வேண்டும். வெறிநாய்க்கடி ஊசி போட்ட அட்டை இல்லாமல் வளர்ந்த நாய் எதையும் வாங்கக் கூடாது. கடித்தாலோ கீறினாலோ சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் நாயை வீட்டுக்குள் ஏற்றாத குடும்பங்கள் பல. அவர்களை இதிலிருந்து ஒதுக்க வேண்டியதில்லை. தோப்புக் காவலாள் குடிசையில் நாய் இருக்க, சோறு வீட்டிலிருந்து போனாலும் அதுவும் ஃபாஸ்டர்தான்.

வீட்டிலேயே வைத்துக்கொள்வது

பலர் இதை ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. பெரும்பாலான வீடுகளில் நாயைப் பிரிக்க வைப்பது மூன்று செலவுகள்: பாக்கெட் தீவனம், மருத்துவர், குட்டிகள். முதலாவதை நிறுத்திவிடலாம். ரேஷன் அரிசி இலவசம். தடைக்காலத்திலும் நாட்டுப்படகுகள் போவதால் சூடை மீன் கிடைக்கும். சோறும் அவித்த சூடையும் கொஞ்சம் காயும் இரண்டு மாதத்துக்குத் தாராளமாகப் போதும். உப்பு, மிளகாய், வெங்காயம் சேரக் கூடாது. மீந்த மீன்குழம்பை ஊற்றுவதும் கருவாடு போடுவதும் கெடுதல். பாக்கெட்டிலிருந்து ஒரே நாளில் மாற்றினால் வயிறு போகும். ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும். வெறிநாய்க்கடி ஊசிக்கு, விலங்குகளிடமிருந்து பரவும் நோய்கள் தினமான ஜூலை 6-ஐ ஒட்டிக் கால்நடைத் துறை நடத்தும் இலவச முகாம்களை விசாரித்து வைத்துக்கொள்ளலாம். மூன்றாவதற்கு ஒரு தரம் கருத்தடை செய்துவிட்டால் பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டிக் குப்பைமேட்டில் போடும் கொடுமையும் நிற்கும்.

எனவே என் வரிசை இது: தேதி உள்ள கஷ்டத்துக்கு முதலில் வீடு, முடியாவிட்டால் ஃபாஸ்டர். தேதி இல்லாததற்கு நல்ல கையாகப் பார்த்துக் கொடுப்பது. நோய், காயம், கடி என்றால் காப்பகம். கடற்கரை இந்த வரிசையிலேயே கிடையாது. உதவி செய்ய நினைக்கிறவர்கள் புதிதாகக் கூண்டு கட்டப் பணம் தருவதைவிட, ஒரு குடும்பத்துக்கு இரண்டு மாத ஊசியும் அரிசியும் தந்தால் அந்த நாய் இடம் மாறவே வேண்டியிருக்காது.

சொன்ன தேதியில் ஆள் வராவிட்டால்? இதுதான் ஃபாஸ்டர் வீடுகள் எல்லாம் பயப்படும் இடம். அதனால் முதல் நாளே தாளில் எழுதிவிடுவது நல்லது: முதல் பாட்டுக் காசு கைக்கு வர நேரம் எடுக்கும் என்பதால் ஜூலை கடைசி வரை காத்திருப்போம், அதன்பின் வேறு வீடு பார்ப்போம், ஊசி அட்டை நாயோடு போகும். பாசத்தில் அந்த நாயைத் தானே வைத்துக்கொள்ளும் அக்காக்களும் உண்டு. அவர்களைத் தடுக்க முடியாது, ஆனால் அடுத்த சித்திரைக்கு அந்த வீட்டில் இடம் இருக்காது. அதற்குப் பதில் இன்னொரு வீட்டைத் தங்கச்சிமடத்திலோ தேவிபட்டினத்திலோ மாசி மாதத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். படகு கரையேறிய பிறகு கேட்கப் போனால், எல்லா வீட்டிலும் அவரவர் கவலை.