25 நிமிட மணி, இரண்டு மணி நேரக் கட்டம், நூலக மேசை

புத்தகப் பதிப்பில் ஒரு ஃபாரம் என்பது 16 பக்கம். வீட்டில் உட்கார்ந்து மெய்ப்புத் திருத்தும், அதாவது அச்சுக்கு முன் பிழை பார்க்கும் எனக்கு, கவனம் நிலைத்திருக்கும் நாளில் அது ஒன்றேகால் மணி நேர வேலை. கைபேசியும் காலிங் பெல்லும் மாறி மாறி அழைக்கிற நாளிலோ, காலையில் எடுத்த ஃபாரம் மாலைக் காப்பி வரைக்கும் மேசையை விட்டு நகராது. நேரம் போவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ‘அவளை பார்த்தான்’ என்று ஒற்று விடுபட்டு நிற்பதைக் கண் பார்த்தும் மனம் பார்க்காமல் தாண்டிப் போய்விடுவதுதான் இந்தத் தொழிலில் பெரிய நட்டம். கவனத்தைக் கட்டி நிறுத்துவதாகச் சொல்லப்படும் மூன்று வழிகளை, ஒவ்வொன்றையும் சில மாதங்களாவது கடைப்பிடித்துப் பார்த்தவன் என்ற முறையில், இங்கே ஒப்பிடுகிறேன்.

முதலாவது, ‘பொமொடோரோ’ எனப்படும் கடிகார முறை. 1980களின் பிற்பகுதியில் இத்தாலியில் கல்லூரி மாணவராக இருந்த பிரான்செஸ்கோ சிரில்லோ, பத்து நிமிடமாவது உண்மையாகப் படிக்க முடிகிறதா பார்ப்போம் என்று தன்னோடு பந்தயம் கட்டி, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரம் ஒன்றை முடுக்கி வைத்ததிலிருந்து இது பிறந்தது. இத்தாலிய மொழியில் தக்காளிக்குப் பெயர் பொமொடோரோ. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு, நான்கு சுற்று முடிந்ததும் கால் மணியிலிருந்து அரை மணி வரை நீண்ட ஓய்வு என்பது பலரும் அறிந்த பகுதி. பலரும் விட்டுவிடுகிற பகுதி ஒன்று உண்டு. மின்கட்டணம் கட்ட வேண்டுமே, அக்காவுக்குப் பதில் சொல்லவில்லையே என்று சுற்றின் நடுவே எழும் நினைப்பைத் தாளில் ஒரு குறியிட்டு எழுதிவிட்டு, உடனே வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பது சிரில்லோவின் விதி. கடிகாரத்தைவிட இந்தத் தாள்தான் எனக்கு அதிகம் உதவியது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த குளோரியா மார்க், அலுவலக ஊழியர்களைக் கூடவே இருந்து கவனித்த ஆய்வில், வேலை தடைபட்ட தருணங்களில் ஏறக்குறைய பாதி, வெளியிலிருந்து எவரும் அழைக்காமல் ஊழியர்கள் தாமாகவே விலகியவை என்று தெரியவந்தது. கூப்பிடாமலே எழுந்து போகிறவனுக்குக் கதவைச் சாத்தி என்ன பயன்? எழுந்த நினைப்பை இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டும். முடியாத வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டமிட்டு விட்டாலே அது மனத்தை அரிப்பது குறைகிறது என்று உளவியலாளர்கள் மசிகாம்போவும் பாமைஸ்டரும் 2011இல் வெளியிட்ட ஆய்வும் இந்தத் தாளின் பக்கமே நிற்கிறது.

இம்முறையின் குறை, 25 என்ற எண்ணில் இருக்கிறது. மணி அடிக்கும்போது நான் வழக்கமாக ஆறாம் பக்கத்தில் இருப்பேன். மூன்றாம் பக்கத்தில் ‘சண்முகம்’ என்றிருந்தவர் இங்கே ‘ஷண்முகம்’ ஆகியிருப்பதை நினைவில் பிடித்துக்கொண்டு வருகிற நேரத்தில் எழுந்து போகச் சொன்னால், அந்த இழை அறுந்துவிடுகிறது. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது முந்தைய வேலையின் மிச்சம் மனத்தில் தங்கி அடுத்ததைக் கெடுக்கிறது என்று ஆய்வாளர் சோஃபி லெரோய் 2009இல் விளக்கியது இந்த ஓய்வுக்கும் பொருந்தும் என்பேன்; 5 நிமிட ஓய்வில் வாட்ஸ்அப்பைத் திறந்தவன் ஓய்வெடுக்கவில்லை, வேறொரு வேலைக்குப் போய்விட்டான்.

அதனால்தான் பலர் இரண்டாவது வழியான நீண்ட கட்டத்துக்கு வருகிறார்கள். காலை 10 முதல் 12 வரை இந்த ஃபாரம் மட்டும் என்று முந்தின நாள் இரவே குறித்துவிடுவது. பெயர், நடை, தொடர்ச்சி ஆகியவற்றை ஒருசேரப் பிடித்துக்கொண்டு செய்யும் வேலைக்கு இதுவே பொருத்தம். என் திருத்தங்களை மறுபடி சரிபார்க்கையில், ஒரே மூச்சில் பார்த்த ஃபாரங்களில் விடுபட்ட பிழைகள் குறைவாகவே இருந்தன. ஆனால் இது நொறுங்குவதும் எளிது. பதினொரு மணிக்கு கேஸ் சிலிண்டர் வந்து இறங்கினால் கட்டம் இரண்டாகப் பிளக்கிறது. பிளந்ததும், இன்றைய நாள் போயிற்று என்று மிச்சத்தையும் கைவிடத் தோன்றுகிறது. தொடங்கவே தயங்குகிறவனுக்கு இரண்டு மணி நேரம் என்பதே மலைப்பாக இருக்கும். அங்கே கடிகாரம்தான் கைகொடுக்கும். 25 நிமிடத்துக்கு யாரும் பயப்படுவதில்லை.

மூன்றாவது, இடத்தை மாற்றுவது. சென்னை கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து படிப்போருக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் பொதுஅறிவு கைடும் சாப்பாட்டுப் பையுமாக வந்து, தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பார்கள். அந்த வரிசையில் இருந்துகொண்டு ரீல்ஸ் பார்க்க வெட்கமாக இருக்கும்; அந்த வெட்கத்தை எந்தக் கடிகாரமும் தராது. சிலிண்டரும் அங்கே தேடி வராது. ஆனால் எனக்குப் போக வர ஒன்றரை மணி நேரம் ஆகிறது, அதாவது ஒரு ஃபாரத்துக்கும் அதிகமான நேரம். தவிர, கைபேசியும் பையில் கூடவே வருகிறது.

அந்தக் கைபேசியைப் பற்றி டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஏட்ரியன் வார்டு குழுவினர் 2017இல் வெளியிட்ட சோதனை புகழ்பெற்றது: ஒலி அடக்கிய கைபேசி மேசை மேல் கவிழ்ந்து கிடந்தவர்களைவிட, அதை வேறு அறையில் விட்டுவந்தவர்கள் நினைவாற்றல் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள். பின்னர் பிறர் செய்து பார்த்தபோது எல்லா இடத்திலும் அதே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். என் அனுபவம் வார்டு சொல்வதன் பக்கம். வலைத்தளங்களைப் பூட்டிவைக்கும் செயலிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பூட்டியவன் கையிலேயே சாவியும் இருக்கிறது.

இப்போது நான் செய்வது கலப்பு. கைபேசி சமையலறையில் ஃபிரிட்ஜ் மேல் இருக்கும், வீட்டார் இருவரின் அழைப்புக்கு மட்டும் ஒலிக்கும். நினைப்பு எழுதும் தாள் எப்போதும் மேசையில் உண்டு. கடிகாரத்தைக் காலையில் ஒரே ஒரு முறை முடுக்குகிறேன், தொடங்குவதற்காக. மணி அடித்தால் அணைத்துவிட்டு, பதினாறாம் பக்கம் வரை எழுவதில்லை. பிற்பகலில் மின்னஞ்சல், பில், கூரியர் போன்ற துண்டு வேலைகளுக்கு 25 நிமிடச் சுற்று முழு விதிகளோடு நடக்கிறது. கோட்டூர்புரத்துக்குப் போவது, நான்கு ஃபாரம் சேர்ந்துபோய்ப் பதிப்பகத்திலிருந்து இரண்டாம் முறை கேட்டுவிட்ட நாள்களில் மட்டும்.