எஸ்டேட் பிள்ளைகளின் வளர்ச்சியை அளக்க எந்த முறை ஒத்துவரும்?

மூணாறு எஸ்டேட்டுகளில் தமிழ் மீடியம் படிக்கும் பிள்ளைகளின் வாசிப்பு 6 வயதிலிருந்து 12 வயதுக்குள் எப்படி வளர்கிறது என்பது என் ஆய்வு. எந்த முறையில் செய்வது என்பதிலேயே கைடுக்கும் எனக்கும் பெரிய இழுபறி.

குறுக்குவெட்டு ஆய்வு, அதாவது வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒரே சமயத்தில் அளந்து ஒப்பிடுவது, செலவு குறைவு, ஒரே சீசனில் முடிந்துவிடும். ஆனால் வயதால் வந்த வித்தியாசம் எது, பிறந்த காலத்தால் வந்தது எது என்று பிரிக்க முடியாது. இன்றைய 12 வயதுக்காரர்கள் 2020இல் கொரோனாவால் பள்ளி மூடியபோது ஆன்லைன் வகுப்புக்குச் சிக்னல் தேடி மேட்டில் ஏறி அ, ஆ படித்தவர்கள். 6 வயதுக்காரர்களுக்கு அந்தப் பாடே இல்லை. உளவியலாளர் வார்னர் ஷாயி 1956இல் தொடங்கிய சியாட்டில் ஆய்வு இதைத்தான் காட்டியது: வெவ்வேறு வயதினரை ஒப்பிட்டபோது அறிவுத்திறன் சீக்கிரமே சரிவதாகத் தெரிந்தது, அதே ஆட்களைத் தொடர்ந்து பார்த்தபோது சரிவு வெகுவாகத் தள்ளிப்போனது.

அப்படியானால் அதே பிள்ளைகளை வருஷக்கணக்கில் தொடரும் நீள்வெட்டு ஆய்வுதானே? நியூசிலாந்தின் டனீடனில் 1972-73இல் பிறந்த 1,037 பேரை இன்றும் தொடர்கிறார்கள். வெளிநாட்டில் இருப்பவருக்கு விமான டிக்கெட்டே எடுத்துத் தருகிறார்கள். எனக்கு ஜீப் வாடகைக்கே ஃபெல்லோஷிப் பணம் வர வேண்டும்.

இங்கே எஸ்டேட் கொடுக்கும் லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலையில் இருந்தவர் ரிட்டயர் ஆனால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். குடும்பம் தேனிக்கோ தென்காசிக்கோ இறங்கிவிடும். "அவங்க ஊருக்குப் போயிட்டாங்க டீச்சர்" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். கொஞ்சம் காசு புரளும் வீடுகளில் பிள்ளையை முன்னதாகவே கீழே ஹாஸ்டலில் சேர்த்துவிடுவார்கள். எத்தனை பேர் விட்டுப்போகிறார்கள் என்பதைவிட யார் போகிறார்கள் என்பதே என் கவலை. 6 வருஷம் கழித்து மிஞ்சுபவர்களின் சராசரியை எல்லாப் பிள்ளைகளின் சராசரியாக எழுத முடியாது.

அதனால் உளவியலாளர் ரிச்சர்ட் பெல் 1953இல் முன்வைத்த, இந்த இரண்டையும் கலந்த முறைக்கே என் ஓட்டு. 6, 8, 10 வயதில் மூன்று குழுக்கள். ஒவ்வொன்றையும் 2 வருஷம் மட்டும் தொடர்வது. முதல் குழு 8 வயதில் எடுக்கும் மதிப்பெண்ணும் இரண்டாம் குழு தொடக்கத்தில் எடுத்ததும் ஒத்துப்போனால் கோடுகளை இணைக்கலாம். ஒத்துப்போகாவிட்டால் பிறந்த காலத்தின் வித்தியாசம் அங்கேயே தலைகாட்டிவிடும். 2 வருஷத்துக்குள் ஆளைப் பிடித்து வைப்பதும் சாத்தியம். ரெஜிஸ்டரில் அம்மா நம்பரோடு ஊரில் இருக்கும் பெரியம்மா நம்பரையும் வாங்கிக்கொள்கிறேன். மலை இறங்கினால் அம்மா சிம்மை மாற்றிவிடுவார், பெரியம்மா மாற்றுவதில்லை.

ஒரே பிள்ளையின் முழுப் பாதையும் இதில் கிடைக்காது. 6 வயதில் திணறிய பிள்ளை 12இல் என்ன ஆனது என்பதுதான் கேள்வி என்றால் நீள்வெட்டுக்கு மாற்று இல்லை. பதின்பருவத்துக்கும் இது ஒத்துவருமா என்று தெரியாது, அவர்களோடு நான் வேலை செய்ததில்லை. அந்த வயதின் வேகத்துக்கு 2 வருஷமே நீளமான இடைவெளியாக இருக்கலாம்.