யுபிஎஸ் வாங்குபவர்கள் கடைக்காரர் ஒட்டும் வாரண்டி ஸ்டிக்கரின் அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

எங்கள் பகுதியில் வயல்களின் பம்புசெட்டுகளும் வீடுகளும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருப்பதால், 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் மாலை நேரங்களில் 170 வோல்ட்கூடத் தேறுவதில்லை. வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் எனக்குக் கணினி அணைந்தால் அன்றைய பிழைப்பு போயிற்று. ஆகவே அருகிலுள்ள நகரத்தின் கணினிக் கடை ஒன்றில் 1 கேவிஏ (அதாவது 1000 விஏ திறன்) யுபிஎஸ் ஒன்றும், அதனுடன் அவர்கள் வற்புறுத்திய ஸ்பைக் கார்டு (திடீர் மின் அதிர்வைத் தடுக்கும் பிளக் பலகை) ஒன்றும் வாங்கினேன். உள்ளே இரண்டு பேட்டரிகள் இருப்பதாகவும், கரண்ட் போனாலும் அரை மணி நேரம் தாராளமாக ஓடும் என்றும் கடைக்காரர் உறுதி சொன்னார்.

சில மாதங்களிலேயே, விளக்கு ஒருமுறை மங்கினால் போதும், கணினி அணைந்துவிடும் என்ற நிலை வந்தது. வீடுகளில் நாம் வைக்கும் சாதாரண யுபிஎஸ், மின்னழுத்தம் ஓரளவு குறையும்போது உள்ளிருக்கும் ரிலே என்ற தானியங்கிச் சுவிட்சைத் தட்டி அதை உயர்த்திக் கொடுக்கும். 'டிக்' என்று கேட்கும் சத்தம் அதுதான். 140 வோல்ட் அளவுக்கு இறங்கினால் பேட்டரிக்கு மாறிவிடும். அதாவது, லோ வோல்டேஜ் பகுதியில் கரண்ட் இருக்கும்போதே பேட்டரி உழைத்துக்கொண்டிருக்கும் என்பதால், அங்கு மட்டமான பேட்டரியின் குட்டு விரைவில் வெளிப்பட்டுவிடும். என் கணக்குக் கோப்பு பதிவாகிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு நாள் கணினி அணைந்து, அந்தக் கோப்பும் போனது, ஹார்ட் டிஸ்க்கும் கெட்டது.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், "உங்க ஏரியா கரண்ட் சரியில்லை சார், அதுக்கு வாரண்டி கிடையாது" என்றார்கள். கரண்ட் சரியாக இருக்கும் ஊரில் யுபிஎஸ் எதற்கு என்று கேட்டேன்; பதில் வரவில்லை.

பிறகு வேறொரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். யுபிஎஸ்ஸின் பின்புறத்தில், 'கிழிந்தால் வாரண்டி செல்லாது' என்ற எச்சரிக்கையுடன் கடை ஒட்டியிருந்த பெரிய ஸ்டிக்கரை அவர் ஓரத்திலிருந்து மெல்ல உரித்தபோது, அடியில் நிறுவனத்தின் சொந்த லேபிள் தெரிந்தது: 600 விஏ, 360 வாட். முகப்பில் இருந்த '1 கேவிஏ' என்பதும் தனியாக அச்சடித்து ஒட்டியதுதான். உள்ளே 12 வோல்ட், 7 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி ஒன்றே ஒன்று. அதன் உறையில் தயாரிப்புத் தேதி இருக்க வேண்டிய இடம் தின்னர் போட்டுத் துடைத்ததுபோல் மங்கிக் கிடந்தது. ஸ்பைக் கார்டைத் திறந்தால் அதைவிடக் கேவலம். உயர் மின்னழுத்தம் வரும்போது அதைத் தன்மேல் வாங்கிக்கொள்ள வேண்டிய எம்ஓவி என்ற வட்டமான சிறு வில்லை அதில் இல்லவே இல்லை. பித்தளைப் பட்டைகள், ஒரு சுவிட்ச், ஒரு சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். பிளக்கில் மூன்று முள் இருந்தும் உள்ளே ஓடியது இரண்டே வயர். கணினியின் கேபினட்டைத் தொட்டால் விர்ரென்று இழுத்ததற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. எர்த் இல்லாவிட்டால், கணினிக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் வழியாகக் கசியும் மின்சாரம் கேபினட்டில் வந்து நிற்கும்.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே யுபிஎஸ்ஸைக் கையில் தூக்கிப் பாருங்கள். ஒரு நல்ல 12 வோல்ட், 7 ஏஎச் பேட்டரியே இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். இரண்டு பேட்டரியும் டிரான்ஸ்ஃபார்மரும் இருக்கிற பெட்டி ஒற்றைக் கையில் லேசாக வந்தால் சந்தேகப்படுங்கள். நிறுவனத்தின் லேபிளை எந்த ஸ்டிக்கரும் மறைக்கக் கூடாது என்று சொல்லுங்கள். அதில் ஐஎஸ் 16242 என்ற தர எண்ணும், 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் கடையில் நின்றபடியே சரிபார்க்கலாம். பேட்டரித் தேதியையும் காட்டச் சொல்லுங்கள், ஏனெனில் சார்ஜ் ஏற்றாமல் மாதக்கணக்கில் கிடந்த ஈய அமில பேட்டரி புதிதாகவே இருந்தாலும் பாதி செத்ததுதான். ஸ்பைக் கார்டில் உண்மையாகவே எம்ஓவி இருந்தாலும் அது கண நேர அதிர்வுகளுக்குத்தான் உதவும். தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்து வீட்டுக்குள் 400 வோல்ட் அளவுக்கு வரும்போது அது உங்களைக் காப்பாற்றாது. அதற்கு மெயின் போர்டிலேயே உயர் மின்னழுத்தத் துண்டிப்பான் வைக்க வேண்டும், அந்த வேலை எலக்ட்ரீஷியனுடையது.

எனக்குக் கடையில் கொடுத்தது 'எஸ்டிமேட்' என்று அச்சிட்ட துண்டுச் சீட்டு. நான் விடாமல் கேட்டதால் சீரியல் எண்ணுடன் ஜிஎஸ்டி ரசீது கிடைத்தது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்ய அதுவே கைகொடுத்தது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். புகார் போன பிறகு கடைக்காரர் தொலைபேசியில் அழைத்து, பழைய பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தால் புதியது தருவதாகப் பணிவாகப் பேசினார். பெட்டியும் உரித்த ஸ்டிக்கரும் ஸ்பைக் கார்டும் என்னிடமே இருக்கின்றன. புகாருக்கு முடிவு தெரியும்வரை கொடுப்பதாக இல்லை.