கல்யாண வேலைக்கு டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 தாங்குமா?

பயோனியர் டிஜேயின் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 ஒரு டிஜே கண்ட்ரோலர், அதாவது லேப்டாப்பில் ஓடும் பாட்டுகளைக் கையால் கலக்க உதவும் கருவி. 2 சேனல் (ஒரே நேரத்தில் இரண்டு பாட்டைக் கலக்கலாம்), 2.1 கிலோ எடை. லேப்டாப்பில் சொருகினால் யூஎஸ்பி மின்சாரத்திலேயே ஓடும். ரெக்கார்ட்பாக்ஸ், செராட்டோ டிஜே லைட் என்ற டிஜே மென்பொருள்கள் இரண்டும் கூடுதல் காசில்லாமல் இதோடு இயங்கும். கற்றுக்கொள்பவர்களுக்கான கருவி என்றுதான் விற்கிறார்கள். ஆனால் கற்றுக்கொண்டவருக்கு முதலில் கிடைக்கும் வேலை பெரும்பாலும் ஒரு கல்யாணம். அங்கே இது எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும் என்பதை மட்டும் பார்ப்போம்.

கிளப்பில் டிஜேயின் வேலை பாட்டோடு பாட்டைச் சேர்ப்பது. கல்யாணத்தில் பாதிக்கு மேல் காத்திருப்புதான். மணமக்கள் கதவுக்கு வரவேண்டும், வாழ்த்திப் பேசுபவர் மைக்கைப் பிடிக்கவேண்டும், சாப்பாடு முடியவேண்டும். அந்த இடைவெளிகள் அமைதியாகவும் இருக்கக்கூடாது, தடுமாற்றமாகவும் தெரியக்கூடாது.

மணமக்கள் நுழையும் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 96 பிபிஎம் (நிமிடத்துக்கு 96 பீட், அதாவது தாளத்தட்டு), 20 விநாடி முன்னிசை, அப்புறம் குரல். கதவு திறக்கும்போது குரல் எழவேண்டும். கதவு எப்போது திறக்கும் என்றுதான் யாருக்கும் தெரியாது. இதை வீட்டிலேயே தயார் செய்துவிடலாம். குரல் தொடங்குவதற்கு முந்தைய 16 பீட்டை லூப் போடுங்கள், அந்தத் துண்டே திரும்பத் திரும்ப ஓடும். லூப் ஓடும்போதே காலியான ஹாட் க்யூ பேடை (பாட்டின் ஓர் இடத்தை நினைவில் வைத்து, தட்டியதும் அங்கே தாவும் பொத்தான்) அழுத்தினால் ரெக்கார்ட்பாக்ஸ் அந்த லூப்பையே பேடில் சேமித்துக்கொள்ளும். பக்கத்துப் பேடில் குரலின் முதல் பீட். 16 பீட் லூப் 10 விநாடிக்கு ஒருமுறை சுற்றும். கேட்பவருக்கு நீண்ட முன்னிசை என்றுதான் தோன்றும். 4 பீட் என்றால் 2.5 விநாடி. மூன்றாவது சுற்றிலேயே பாட்டு மாட்டிக்கொண்டது என்று ஹால் திரும்பிப் பார்க்கும். கதவருகே நிற்பவர் கையை உயர்த்தியதும் லூப்பை விடுவித்தால் சுற்று முடிந்து குரல் வரும். அவ்வளவு நேரமில்லையென்றால் பக்கத்துப் பேடைத் தட்டுங்கள். குவாண்டைஸ் (தட்டும் நேரத்தைப் பீட்டோடு ஒட்டவைக்கும் வசதி) இயங்கினால் பீட்டில்தான் விழும். இந்த வேலைக்கு எஃப்எல்எக்ஸ்4-இன் பேட்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு டெக்குக்கு (ஒரு பாட்டை ஓட்டும் பக்கத்துக்கு) 8 பேட், விரலுக்குப் போதிய இடம்.

மைக் விஷயம் வேறு கதை. ஒரே ஒரு 6.3 மி.மீ. துளை. எக்ஸ்எல்ஆர் (மேடை மைக்குகளுக்கான மூன்று முள் இணைப்பு) இல்லை, மைக்குக்குத் தனி ஈக்யூ (ஒலியின் கனத்தையும் கூர்மையையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் குமிழ்) இல்லை, பேசும்போது பாட்டைத் தானாகத் தாழ்த்தும் டாக்ஓவர் பொத்தானும் இல்லை. பேசுபவர் ஸ்பீக்கருக்கு முன்னால் நடந்துபோய் நின்றால் ஊளையிடும். எந்த அலைவரிசை ஊளையிடுகிறதோ அதைக் குறைக்க இதில் வழியில்லை, மொத்த ஒலியையும்தான் இறக்கவேண்டும். அதனால் மைக்கை இதில் செருகாதீர்கள். சின்ன மிக்சர் (பல ஒலிகளைச் சேர்த்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி) ஒன்று வைத்து வயர்லெஸ் மைக்கின் ரிசீவரை அதில் கொடுங்கள். மைக் ஒலியில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனத்த ஒலியை வெட்டிவிடுங்கள். லேப்டாப் உறைந்துபோனாலும் மைக் உயிரோடு இருக்கும். இது வசதிக்காகச் சொல்வதில்லை, பாட்டு நின்றால் யாராவது பேசிச் சமாளிக்கலாம். இரண்டும் சேர்ந்து நின்றால் ஒன்றும் செய்யமுடியாது. அதே மிக்சரின் இன்னொரு சேனலில் ஒரு மணிநேரப் பாட்டோடு ஒரு ஃபோனையும் இணைத்து வையுங்கள்.

ஹாலுக்குப் போகும் மாஸ்டர் வெளியீடும் ஆர்சிஏ (வீட்டு ஸ்டீரியோவில் இருக்கும் சிவப்பு, வெள்ளைத் துளைகள்) மட்டுமே. சமநிலைப்படுத்தாத சிக்னல், அதாவது வழியில் ஒட்டும் இரைச்சலைக் கழிக்காத சிக்னல் என்பதால் நீளக் கேபிள் போட்டால் இரைச்சல் ஏறும். மிக்சர் பக்கத்தில் இருந்தால் 2 மீட்டர் ஆர்சிஏ போதும். தள்ளி இருந்தால் கண்ட்ரோலர் அருகிலேயே 2 சேனல் டிஐ பாக்ஸ் (அந்தச் சிக்னலைச் சமநிலைப்படுத்தித் தரும் சின்னப் பெட்டி) வைத்து, அங்கிருந்து எக்ஸ்எல்ஆர் ஓட்டவேண்டும். லேப்டாப் சார்ஜரைச் செருகியதும் ஒரு ரீங்காரம் கிளம்பினால் அது கிரவுண்ட் லூப், கருவிகளின் எர்த் இணைப்புகள் சுற்றாகச் சேர்வதால் வருவது. டிஐ பாக்ஸின் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தான் பெரும்பாலும் அதை அடக்கிவிடும்.

டிஜே தனக்கென்று பக்கத்தில் ஸ்பீக்கர் வைத்துக்கொள்ள உதவும் பூத் வெளியீடு கிடையாது. ஸ்பீக்கர் 10 மீட்டர் தள்ளியிருந்தால் ஒலி உங்களிடம் வர ஏறத்தாழ 29 மில்லிவிநாடி ஆகும். ஹெட்ஃபோனில் கேட்பதும் ஹாலில் கேட்பதும் ஒட்டாமல் நிற்கும். காதை நம்பி பீட் சேர்ப்பவர் குழம்புவார். ஹெட்ஃபோன் மிக்ஸ் குமிழைத் திருப்பி இரண்டு பாட்டையும் ஹெட்ஃபோனுக்குள்ளேயே கேட்டுச் சேருங்கள்.

இனி நடனம். இதன் விளம்பரத்தில் ஸ்மார்ட் ஃபேடருக்குப் பெரிய இடம். ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்கு மாற ஃபேடரை (சறுக்கு பொத்தானை) நகர்த்தினால் ஒலியளவு, பேஸ் (கனத்த ஒலி), வேகம் மூன்றையும் தானே சரிசெய்யும். ஒரே வகை எலெக்ட்ரானிக் இசையில் நன்றாகவே இருக்கிறது. கல்யாணத்தில் அணைத்துவிடுவது நல்லது. அங்கே 96-இலிருந்து 128-க்குத் தாவ வேண்டியிருக்கும்; எல்லோருக்கும் மனப்பாடமான குரல் வழியிலேயே இழுபடுவது அசிங்கமாகக் கேட்கும். தெரிந்த பாட்டில் 3, 4 சதவீதத்துக்கு மேல் வேகம் மாறினாலே காது கண்டுபிடித்துவிடும். அதற்குப் பதில் பீட் எஃப்எக்ஸில் (பீட்டோடு ஒட்டி ஓடும் ஒலி விளைவுகளில்) எக்கோவை 1 பீட்டுக்கு வைத்து, வரி முடியும் இடத்தில் போட்டு, சேனல் ஃபேடரை இறக்குங்கள். எதிரொலி தேயும்போது அடுத்த பாட்டைப் பல்லவியிலிருந்து தொடங்கினால் வேகவித்தியாசம் யாருக்கும் தெரியாது.

இரண்டு பாட்டின் வேகத்தையும் பீட்டையும் தானே ஒட்டவைக்கும் சிங்க் பொத்தானையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பவேண்டாம். ஆளே வாசித்த தாளத்தில் வேகம் மெல்ல அலையும். பாட்டு முழுவதற்கும் ஒரே அளவில் போட்ட பீட்கிரிட் (பீட் எங்கெங்கே விழும் என்று மென்பொருள் போடும் கோடுகள்) பாதியில் விலகிவிடும். 70 பிபிஎம் பாட்டை 140 என்று காட்டுவதும் உண்டு. அப்படிப்பட்ட பாட்டுகளை முந்தைய நாளே திறந்து கிரிட்டைத் திருத்திவிடவேண்டும். பாட்டுகள் எல்லாம் லேப்டாப்பிலேயே இருக்கட்டும். ஹாலின் வைஃபையை நம்பி ஸ்ட்ரீமிங்கில் ஓட்டினால், விருந்தினர் எல்லோரும் ஃபோனை எடுக்கும் நேரத்தில்தான் அது சுற்றிக்கொண்டு நிற்கும்.

நூறு பேர் கூடும் ஹால், பக்கத்திலேயே மிக்சர், மைக் தனி வழி என்றால் தாராளமாக வாங்கலாம். ஒலி ஏற்பாடு முழுவதும் உங்கள் தலையில்தான் என்றால் எக்ஸ்எல்ஆர், பூத் இரண்டும் உள்ள கண்ட்ரோலருக்குக் காசு சேருங்கள். எதை வாங்கினாலும் யூஎஸ்பி கேபிளை மேசையோடு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். இந்தப் பாட்டைப் போடுங்கள் என்று கேட்க வருபவர் சாய்வது அந்தப் பக்கம்தான்.