பருவம் காட்டாத கறவை மாட்டுக்கு ‘சிடர்’ கருவி: ஒரு மதிப்பீடு

கன்று ஈன்று மூன்று மாதம் கடந்தும் சினைப்பருவத்துக்கு வராத மாடுகளுக்குக் கால்நடை மருத்துவர்கள் பரிந்துரைக்கும் சிகிச்சைகளுள், புரோஜெஸ்டிரோன் என்ற இனப்பெருக்க ஹார்மோனை மாட்டின் உடலுக்குள் விடும் கருவி முக்கியமானது. சிடர், ட்ரையு-பி எனப் பல பெயர்களில் விற்கப்படும் இந்த வகைக் கருவியை எங்கள் பண்ணையின் ஜெர்சி கலப்பினப் பசுக்கள் சிலவற்றுக்கு மருத்துவரின் மேற்பார்வையில் பயன்படுத்திய பின் இதை எழுதுகிறேன். பருவம் காட்டாத மாட்டைப் பருவத்துக்குக் கொண்டுவரும் வேலையை இக்கருவி ஒழுங்காகச் செய்கிறது. ஆனால், இதை வைத்தாலே மாடு சினை பிடித்துவிடும் என்று கடைக்காரர் சொன்னால் அதை நம்பி வாங்க வேண்டாம்.

நைலான் தண்டின் மேல் சிலிக்கோன் ரப்பரைப் பூசி, அந்த ரப்பரில் ஹார்மோனை ஏற்றியிருக்கிறார்கள். நியூசிலாந்தில் 1980களில் உருவான முறை இது. கருவியின் இரு கைகளையும் மடக்கிக் குழலில் வைத்து மாட்டின் அறைக்குள், அதாவது பிறப்புறுப்புக்குள், செலுத்தினால், உள்ளே போனதும் அவை விரிந்து கருவியை நழுவாமல் நிறுத்திவிடும். பிறகு இழுத்து எடுப்பதற்கான வால் மட்டும் வெளியே தெரியும். கருவி உள்ளே இருக்கும்வரை ஹார்மோன் சிறிது சிறிதாக இரத்தத்தில் கலந்து, சினைப்பையில் முட்டை வெளியேறாமல் தடுத்து வைக்கிறது. கருவியை உருவியவுடன் இரத்தத்தில் ஹார்மோனின் அளவு சட்டென்று இறங்குவதால், அடக்கி வைத்திருந்த பருவம் இரண்டு மூன்று நாட்களுக்குள் வெளிப்படுகிறது.

எங்கள் மருத்துவர் பின்பற்றிய முறையில், கருவியை வைக்கும் நாளில் ஜி.என்.ஆர்.ஹெச். வகை ஊசி (முட்டை வெளியேறத் தூண்டும் ஹார்மோன்) ஒன்றும், ஏழாம் நாள் கருவியை எடுக்கும்போது புராஸ்டாகிளாண்டின் ஊசி (மாட்டைப் பருவத்துக்குக் கொண்டுவரும் மருந்து) ஒன்றும் போடப்பட்டன. எடுத்த 48 மணி நேரத்திலும் 72 மணி நேரத்திலும் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டார்கள். வேறு கால அட்டவணைகளும் வழக்கில் உள்ளன. எந்த முறையானாலும் குறித்த நாளிலும் நேரத்திலும் மருத்துவரோ கருவூட்டுநரோ வந்து சேர்வது உறுதியாக இருந்தால்தான் சிகிச்சையைத் தொடங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையிலோ பண்டிகை நாளிலோ சினை ஊசி விழும்படி தொடங்கிவிட்டு ஆளைத் தேடி அலைவது வீண்.

கருவியை வைக்கும் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. மருத்துவர் முதலில் மாட்டின் வாலை ஒருபுறம் கட்டச் சொல்லி, அறையைச் சுற்றிக் கிருமிநாசினி நீரால் கழுவித் துடைத்து, குழலின் முனையில் வழவழப்புக்கான களிம்பைத் தடவி, சற்றே மேல்நோக்கிச் சாய்த்துச் செலுத்தினார். மாடு ஒருமுறை முதுகை வளைத்ததோடு சரி, அதன் பிறகு தீவனத் தொட்டியில் தலையை நுழைத்துக்கொண்டது. தொல்லை மறுநாள்தான் வந்தது: பக்கத்தில் கட்டியிருந்த கிடேரி ஒன்று வெளியே தொங்கிய கருவியின் வாலை நக்கி இழுக்கப் பார்த்தது. அந்தக் கருவி வாலைக் கொஞ்சம் கத்தரித்துக் குட்டையாக்கி, கிடேரியை வேறு இடத்தில் கட்டியதும் அது தீர்ந்தது. கூட்டமாக அவிழ்த்து மேய விடும் பண்ணைகளில் கருவி விழுந்துவிட்டதா என்று தினமும் காலையில் பார்ப்பது அவசியம். எடுக்கும்போது கருவியோடு கலங்கலான வழும்பு கொஞ்சம் வரும். சீழ் என்று பயப்படத் தேவையில்லை, துர்நாற்றம் இருந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இந்தச் சிகிச்சையில் கருவியைவிட முக்கியமானது அதற்கு முன் நடக்கும் பரிசோதனை. பருவம் காட்டவில்லை என்று நாம் நினைக்கும் மாடு உண்மையில் சினையாகவே இருக்கலாம்; அந்த மாட்டுக்குப் புராஸ்டாகிளாண்டின் ஊசியைப் போட்டால் கரு கலைந்துவிடும். இன்னொரு மாடு ஊமைப் பருவத்தில் இருக்கலாம், அதாவது 21 நாளுக்கு ஒருமுறை சுழற்சி ஒழுங்காக நடந்தும் கத்தலோ தாவலோ இல்லாமல் நம் கண்ணில் படாமல் போகலாம். கருப்பையில் சீழ் இருக்கும் மாட்டுக்கு முதலில் அதற்கான மருத்துவம் வேண்டும். மலக்குடல் வழியாகக் கைவிட்டுச் சினைப்பையையும் கருப்பையையும் தொட்டுப் பார்க்காமல் இவற்றைப் பிரித்தறிய முடியாது. ஸ்கேன் வசதி இருந்தால் இன்னும் நல்லது. பரிசோதனையே இல்லாமல் கருவியை மட்டும் கையில் கொடுத்தனுப்பும் கடைகள் எங்கள் பக்கத்தில் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

விலா எலும்பு தெரியும் அளவுக்கு மெலிந்த மாட்டுக்கு இதை வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஈன்ற பின் பாலுக்குப் போகும் சத்தைத் தீவனத்தால் ஈடுகட்டாத மாட்டில் சினைப்பை செயலற்றுக் கிடக்கும்; ஹார்மோனால் ஒரு பருவத்தை வரவழைத்தாலும் சினை நிற்பது அரிது. குடற்புழு நீக்கமும், அன்றாடம் 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவையும், போதிய பசுந்தீவனமும் கொடுத்து உடம்பைத் தேற்றிய பிறகு வைத்த மாடுகளில்தான் எங்களுக்குப் பலன் தெரிந்தது. சத்து ஏறியதிலேயே சில மாடுகள் தாமாகப் பருவத்துக்கு வந்துவிட்டதால், அவற்றுக்குக் கருவி தேவைப்படவும் இல்லை.

பருவத்துக்கு ஒழுங்காக வந்தும் மூன்று நான்கு சினை ஊசிக்குப் பின் நிற்காத மாடுகளின் கதை வேறு. கருப்பை நோய், முட்டை தாமதமாக வெளியேறுதல், ஊசி போட்ட நேரம் தவறியது, உறைவிந்துக் குச்சியைக் கையாண்ட குறை என அதற்குக் காரணங்கள் பல. அதற்கு, தஞ்சாவூரில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி வடிவமைத்து, தேசியப் பால்வள வாரியமும் பரப்பிவரும் மரபு மருத்துவ முறை ஒன்று உண்டு: முள்ளங்கி, சோற்றுக்கற்றாழை, முருங்கைக் கீரை, பிரண்டை, மஞ்சளோடு கறிவேப்பிலை ஆகியவற்றைப் பருவம் கண்ட முதல் அல்லது இரண்டாம் நாளிலிருந்து, வெல்லமும் உப்பும் சேர்த்து வரிசையாகக் கொடுப்பது. வீட்டைச் சுற்றிக் கிடைக்கும் பொருள்கள்தாம் என்பதால், நோய்த்தொற்று இல்லை என்று மருத்துவர் சொன்ன மாட்டுக்கு அதை முயன்று பார்ப்பதில் நட்டமில்லை.

செலவைப் பொறுத்தவரை கருவி, ஊசிகள், மருத்துவரின் வருகை எல்லாவற்றையும் கூட்டினாலும், பால் வற்றி நிற்கும் மாட்டுக்குக் கூடுதலாக ஆகும் இரண்டு மாதத் தீவனச் செலவை அது தாண்டாது என்பது எங்கள் கணக்கு. மாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள் என்பதால், ஆண்டுக்கு ஒரு கன்று வேண்டுமானால் ஈன்ற 85 நாளுக்குள் சினை நின்றாக வேண்டும். தவறவிடும் ஒவ்வொரு பருவமும் மூன்று வாரத்தை விழுங்குகிறது. காசை மிச்சப்படுத்த ஒரே கருவியைக் கழுவி அடுத்த மாட்டுக்கு வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன்; ஒரு மாட்டின் நோயை இன்னொன்றுக்கு ஏற்ற இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

கையுறை இல்லாமல் கருவியைத் தொடக் கூடாது. கருவுற்ற பெண்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் புராஸ்டாகிளாண்டின் மருந்தின் பக்கமே போகாமல் இருப்பது நல்லது, ஏனெனில் அது தோல் வழியாகவும் உடலில் ஏறும். சினை ஊசி போட்ட பிறகு 18ஆம் நாளிலிருந்து 24ஆம் நாள் வரை காலையிலும் மாலையிலும் மாட்டைக் கவனிக்க வேண்டும். முதல் ஊசியில் நிற்காத மாடு பெரும்பாலும் இந்த நாட்களில் மறுபடியும் பருவம் காட்டும், அதற்கு இன்னொரு கருவி வாங்க வேண்டியதில்லை. காட்டாத மாட்டை இரண்டு மாதம் கழித்துச் சினைப் பரிசோதனைக்குக் காட்டிவிடலாம்.