நோட்டீஸ் நாட்களுக்குள்ள "நாளைக்கு வராதீங்க" என்றால் கையெழுத்துப் போடாதீங்க

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் கடை, கம்பனிகளில் வேலை செய்பவர்கள் கவனிக்க. ஒரு மாத நோட்டீஸுடன் ராஜினாமா கொடுக்கிறீர்கள். ஏழாம் நாள் பின்னேரம் முதலாளி கூப்பிட்டு, "தம்பி, நாளைக்கு வரத் தேவையில்ல, இதுல ஒரு சைன் வெச்சிட்டுப் போங்க" என்பார். அந்தத் தாளில்தான் விசயமே இருக்கு: "சுயவிருப்பில் இன்றே விலகுகிறேன், இனி எந்தக் கொடுப்பனவும் வரவேண்டியதில்லை."

சம்பளம் 60,000 என்றால் ஏழு நாளுக்கு 14,000 தந்து அனுப்பிவிடுவார்கள். ஒப்பந்தத்தில் ஒரு மாத நோட்டீஸ் இருந்து, நீங்கள் வேலை செய்யத் தயாராக இருக்க அவர்களே நிறுத்தினால், மிச்சம் 46,000 உங்கட காசு. தாளில் கையெழுத்து விழுந்தால் நீங்களே விட்டுப் போனதாக ஆகிவிடும்.

இதைவிடப் பெரிய அடி பணிக்கொடையில், அதாவது பல வருடம் வேலை செய்துவிட்டு விலகும்போது தரும் காசில். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தியானால், ராஜினாமா என்றாலும் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். 60,000க்கு ஐந்து வருடம் 1,50,000. ஐந்தாவது வருடம் முடிய இரண்டு கிழமை இருக்கும்போது அனுப்புவதை தற்செயல் என்று நம்ப வேண்டாம். கடிதத்தை நீட்டமுதல் நியமனக் கடிதத்தில் சேர்ந்த திகதியைப் பாருங்கள். ஐந்து வருடம் முடிந்த பிறகே ராஜினாமா கொடுப்பதுதான் புத்தி. 30 நாளுக்குள் பணிக்கொடை தராவிட்டால், பிந்தும் காலத்தைப் பொறுத்து 10 முதல் 30 வீதம் மேலதிகமாகக் கட்ட வேண்டும்.

வராதே என்று சொன்ன அன்றைக்கே கடிதம் எழுதுங்கள்: "இத்தனையாம் திகதி வரை வேலை செய்யத் தயாராக இருந்தேன், இன்று நீங்கள் வர வேண்டாம் என்றீர்கள்." பதிவுத் தபாலில் போட்டு, பற்றுச்சீட்டைக் கவனமாக வையுங்கள். சாவி, சீருடை, போன் ஒப்படைத்ததற்கும் எழுத்தில் வாங்குங்கள், இல்லாட்டி அதற்கென்று பிறகு காசு வெட்டுவார்கள். வாயால் சொன்னதை வாட்ஸ்அப்பில் ஒருக்கா கேட்டு பதிலை ஸ்கிரீன்ஷொட் எடுங்கள்.

கடைசிச் சம்பளத்துக்கும் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) போட வேண்டும்: உங்களிடம் 8, அவர்கள் 12 வீதம்; ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) அவர்கள் 3 வீதம். சிலர் உங்கட 8ஐ வெட்டிவிட்டு, கட்டுவதேயில்லை. எடுக்காத வருடாந்த லீவையும் கேளுங்கள்.

தராவிட்டால் மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ உள்ள தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். அவர்களே வேலையை நிறுத்தியதாகத் தொழில் நியாய சபைக்குப் போவதென்றால், நிறுத்திய நாளிலிருந்து 6 மாதம்தான்.