ரைடிங் ரீல் மோவர்: மூணாற்றில் ஒன்பது வருட அனுபவம்

மூணாற்றில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல்வெட்டும் மெஷின் ஓட்டுகிறேன். ஏறி உட்கார்ந்து ஓட்டும் வகை. ஐந்து ரீல் (பிளேடுகள் பொருத்திய சுழலும் உருளை), டீசல் எஞ்சின், எல்லாம் ஹைட்ராலிக்கில், அதாவது எண்ணெய் அழுத்தத்தில், ஓடுவது. ஒன்பது வருடமாக ஒரே வண்டி. வாங்க நினைப்பவர்களும் புதிதாக ஓட்ட வருபவர்களும் அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன்.

சாதாரண ரோட்டரி மெஷின் புல்லை அடித்துத் துண்டிக்கும். ரீல் அப்படியில்லை, கத்தரிக்கோல் மாதிரி. சுழலும் பிளேடும் கீழே அசையாமல் இருக்கும் பெட் நைஃபும் சேரும் இடத்தில்தான் வெட்டு விழுகிறது. 1830-இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் இதைச் செய்தபோது, துணி மில்லில் கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழையைச் சீவும் மெஷினைப் பார்த்துத்தான் யோசனை வந்ததாம். அதை நினைத்துக்கொண்டால் இந்த வண்டி பாதி புரிந்துவிடும்.

என் தாத்தா சங்கரன்கோவில் பக்கமிருந்து எஸ்டேட்டுக்கு வந்தவர். கவாத்துக் கத்தி மழுங்கினால் செடி கிழியும், கிழிந்த செடி சீக்குப் பிடிக்கும் என்பார். புல்லுக்கும் அதேதான். மழுங்கிய ரீல் ஓடிய இடத்தில் மறுநாள் நுனியெல்லாம் வெளுத்து நிற்கும்.

அதனால் தினமும் வேலைக்கு முன் பேப்பர் சோதனை. எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, தடித்த கையுறை போட்டு, ரீலை மெல்ல கையால் திருப்பி, செய்தித்தாள் துண்டை இடையில் விட்டுப் பார்க்க வேண்டும். இடது ஓரம், நடு, வலது ஓரம், மூன்றிலும் சுத்தமாக வெட்ட வேண்டும். மடிந்தால் அந்தப் பக்கம் ஒரு கிளிக் (ஒரு படி) மட்டும் இறுக்கி, திரும்பப் பாருங்கள். முதல் வருடம் நான் இறுக்கினால் நன்றாக வெட்டும் என்று நினைத்தேன். பிளேடு சூடாகி, 'கிர்ர்' என்று சத்தம் வந்து, டீசலும் கூடுதலாகக் குடித்து, ஒரு செட் பெட் நைஃப் சில மாதத்திலேயே தேய்ந்தது. பிளேடும் நைஃபும் லேசாக உரசினாலே போதும்.

இறுக்கியும் வெட்டவில்லை என்றால் லேப்பிங் பேஸ்ட் (அரைத்துத் தீட்டும் பசை) தடவி ரீலைப் பின்பக்கமாக மெதுவாகச் சுற்றவிட்டுத் தீட்டுகிறோம். பேஸ்ட் தடவ நீளக் கைப்பிடி பிரஷ்தான். குட்டை பிரஷை யாரும் எடுக்க விடமாட்டேன். முதலில் கரகரவென்று வரும் சத்தம் போகப் போக அடங்கும். முடிந்ததும் பேஸ்ட் துளிகூட இல்லாமல் கழுவ வேண்டும். ஒட்டியிருந்தால் அது அரைத்துக்கொண்டே இருக்கும்.

மூன்றாம் வருடம் நடந்ததை இன்னும் மறக்கவில்லை. ஈரமான கிக்குயூ புல் சிக்கிக்கொண்டது. எஞ்சின் நின்றுதான் இருந்தது. நான் ஒரு ரீலைக் கையால் திருப்பினேன். பக்கத்து ரீலில் புல்லை எடுத்துக்கொண்டிருந்த தம்பி "அண்ணே, விடுங்க, விடுங்க!" என்று கத்தினான். ஒன்று திரும்பினால் இன்னொன்றும் திரும்பும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அவன் கையுறையின் விரல் நுனி போய், நகம் பாதி வந்துவிட்டது. விரல் தப்பியது. அப்புறம் எங்கள் ஷெட்டில் ஒரே விதி: சாவி என் பாக்கெட்டில், ரீலில் ஒரு நேரத்தில் ஒருவர் கை மட்டும்.

ஹைட்ராலிக் ஹோஸ் கசிகிறதா என்று கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசி ஓட்டை வழியாக வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்; சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை தேவைப்படும். பெரிய ஆஸ்பத்திரிக்கு நாம் மலை இறங்கியாக வேண்டும். அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். எண்ணெய் புல்லில் கொட்டினாலும் அது விழுந்த கோடு கருகிவிடும்.

சரிவில் மேலும் கீழுமாக ஓட்டுங்கள், குறுக்கே வேண்டாம். நடுச்சரிவில் திடீரென்று திருப்பாதீர்கள். வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் பாதுகாப்புக் கம்பியைத் தூக்கி, பெல்ட் போட்ட பிறகே வண்டி நகர வேண்டும். ஜூன், ஜூலை மழையில் சில சரிவுகளை நான் தொடுவதே இல்லை. ஜனவரியில் உறைபனி விழுந்த காலை, வெயில் வந்து பனி உருகும்வரை காத்திருங்கள். விறைத்த புல்லில் டயர் ஏறினால் தடம் அப்படியே கருத்துப்போகும்.

ஓட்டும் முன் மைதானத்தை நடந்து பார்ப்பது எங்கள் ஊரில் கட்டாயம். இரவில் யானை நடந்த குழியில் ரீல் இறங்கி மண்ணையே சீவிவிடும். காட்டுப்பன்றி கிளறிய இடத்தில் கல் மேலே வந்திருக்கும். ஒரு சின்னக் கல் போதும், பிளேடில் பல் விழ.

கழுவும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பேரிங் மேல் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம். கழுவிய உடனே கிரீஸ் அடித்தால் உள்ளே போன தண்ணீர் வெளியே வரும். ரேடியேட்டர் வலையில் புல்தூசி அடைத்தால் எஞ்சின் சூடேறும், அதையும் தினமும் பாருங்கள். மழைக்காலத்தில் பிளேடில் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு.

பள்ளி மைதானத்துக்கு இந்த வண்டி தேவையில்லை, நல்ல ரோட்டரி போதும். புல்லைச் சில மில்லிமீட்டரில் வைத்திருக்க வேண்டிய இடத்துக்குத்தான் இது. வாங்கினால் கூடவே ஒரு செட் பெட் நைஃபும் வாங்கி வையுங்கள். தேய்ந்த பிறகு ஆர்டர் போட்டால் வந்து சேரும்வரை புல் காத்திருக்காது.